‘கோஹா’ என்றால் கொடை

பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடம் எவருக்கும் தனியுடைமை அன்று. சீட்டுக் குலுக்கி, இன்று ஒருவர், நாளை மற்றொருவர் என முறைவைத்து வலை கட்டுவர். நீர் பொது, ஆயினும் நியதியற்றதன்று. அவ்வேரிக் கரையில் நின்றபோது, நூலகங்களுக்கென உலகின் மறுகோடியில் பிறந்த ஒரு பொதுச் செல்வத்தை நாம் நினைத்துக் கொண்டோம்.

அதற்கொரு காரணம் உண்டு. முன்பு நாம் பொறுப்பேற்றிருந்த நூலகம் ஒன்றில், விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் இருந்தது. விற்றவர் தொழிலை விட்டுச் சென்றார், கணினியும் பழுதாயிற்று. உள்ளே இருந்த நூற்பட்டியலை வெளியே எடுக்க வழியில்லை. நூல்கள் அலமாரியில் இருந்தன. எது எவரிடம் உள்ளது எனச் சொல்வாரில்லை. மாணவரைத் துணைக்கொண்டு, மாதக்கணக்கில் மீண்டும் கையால் எழுதினோம். நம் வீட்டுப் பெட்டியின் சாவி அயலாரிடம் இருப்பதன் துன்பத்தை அன்று உணர்ந்தோம்.

நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலகங்களுக்கும் 1999இல் ஓர் இடர் வந்தது. அவர்களது பழைய கணினி முறை 2000ஆம் ஆண்டின் தேதிகளைத் தாங்காது என்ற நிலை. புதியதொன்றை விலைக்கு வாங்காமல், கட்டிப்போ என்னும் சிறு நிறுவனத்தைக் கொண்டு தாமே செய்வித்தனர். 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கிற்று. பின்பு அதன் மூலநிரலை உலகுக்கே திறந்து வைத்தனர். அதற்கு இட்ட பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியில் கொடை என்பது பொருள்.

எவரும் அதனைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். திருத்தி வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பதே நியதி. பாடு உரிமை ஏரிக்கரையின் எல்லாக் குப்பங்களுக்கும் இல்லை. இக்கொடையோ எல்லார்க்கும் உரியது.

நூற்பட்டியல், உறுப்பினர் பதிவு, இரவல், திரும்பும் நாள், கிளை நூலகங்கள் அனைத்தையும் கோஹா ஒழுங்கு செய்கிறது. தமிழ் நூற்பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதியலாம், தேடலாம். பதிவுகள் உலகப் பொதுவான வடிவில் அமைவதால் வேறு முறைக்கும் கொண்டு செல்லலாம். 1951இல் தொடங்கிய டில்லி பொது நூலகமும் இதனைக் கைக்கொண்டது.

நம் மாநிலத்திற்கு இந்நோக்கம் புதிதன்று. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், வாசகரின் நேரத்தைக் காப்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931இல் வகுத்தார். அவ்வாண்டே மன்னார்குடி அருகே மாட்டுவண்டியில் நூல்கள் சிற்றூர்களுக்குச் சென்றன. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கண்டது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கொடை என்றால் உழைப்பற்றது என்று பொருளன்று. மென்பொருளுக்கு விலையில்லை, கணினிக்கும் மின்சாரத்திற்கும் உண்டு. ஒவ்வொரு நூலையும் ஒருவர் அமர்ந்து பதிய வேண்டும். படி எடுத்து வேறிடத்தில் காக்க வேண்டும். நூறு நூல்கள் உள்ள குப்பத்துப் படிப்பகத்திற்கு ஒரு நல்ல குறிப்பேடே போதும். பல ஊர்ப் படிப்பகங்கள் கைகோத்தால், அன்று கோஹா பெருந்துணையாகும்.

அன்புக் குடும்பங்களே! கணினி பயின்ற பிள்ளை உங்கள் இல்லத்தில் உண்டன்றோ? விடுமுறையில் வாரம் ஒரு மாலையை அவன் அல்லது அவள் ஊர் நூலகத்திற்குத் தரட்டும். வலை கட்டும் முறை வந்தால் எவரும் வீட்டில் உறங்குவதில்லை. இதுவும் நம் முறையே.