இடுப்புக்குழிச் சிரை நோய்: நீடித்த அடிவயிற்று வலிக்கு ஒரு காரணம்

காலில் நரம்புச் சுருட்டல் ஏற்படுவதைப் பலரும் அறிவர். அதே பாதிப்பு கருப்பையையும் சினைப்பைகளையும் சூழ்ந்துள்ள சிரைகளிலும் ஏற்படக்கூடும். சிரைகளிலுள்ள வால்வுகள் இரத்தம் பின்னோக்கி வழிவதைத் தடுக்கின்றன. அவை சரிவர மூடாதபோது இரத்தம் தேங்கி, சிரைகள் விரிந்து, வலி உண்டாகிறது. இது புற்றுநோய் அன்று.

யாருக்கு ஏற்படுகிறது?

பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்ற, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு ஏற்படுகிறது. கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு கூடுவதாலும், ஹார்மோன்கள் சிரைச் சுவர்களைத் தளர்த்துவதாலும் சினைப்பைச் சிரைகள் விரிவடைகின்றன. சிலருக்குப் பேறுகாலத்திற்குப் பின்னரும் அவை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வேறு சிலருக்கு, இடது சிறுநீரகச் சிரையோ இடது இடுப்புச் சிரையோ அருகிலுள்ள தமனியால் அழுத்தப்படுவதே காரணமாகும்.

அறிகுறிகள்

• 6 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலி அல்லது கனத்த உணர்வு
• நெடுநேரம் நின்றாலும் மாலை வேளையிலும் வலி கூடுதல், படுத்தால் குறைதல்
• மாதவிடாய்க்கு முன்பும் தாம்பத்திய உறவுக்குப் பின்பும் வலி
• பிறப்புறுப்பு, பிட்டம், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் புடைத்த சிரைகள்

கர்ப்பகாலத்தில் பிறப்புறுப்பில் தோன்றும் சிரைப் புடைப்பு, பெரும்பாலும் பிரசவத்திற்குப் பின் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும்.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

இடமகல் கருப்பை அகப்படலம் (எண்டோமெட்ரியோசிஸ்), தசைநார்க் கட்டிகள், சிறுநீர்த் தொற்று, குடல் கோளாறு ஆகியவையும் இத்தகைய வலியைத் தரலாம். எனவே மருத்துவர் முதலில் அவற்றைப் பரிசோதிப்பார். பின்னர் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கப்படும். படுத்த நிலையில் சிரைகள் சுருங்குவதால் வழக்கமான ஸ்கேனில் இந்நோய் தென்படாமல் போகலாம். எனவே, நின்றால் வலி கூடுவதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். வலி வரும் நேரத்தையும் மாதவிடாய் நாட்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்வது பெரிதும் உதவும்.

அதேவேளை, சிரைகள் விரிந்திருந்தும் வலியே இல்லாத பெண்களும் உள்ளனர். ஸ்கேன் அறிக்கையில் ‘சிரை விரிவு’ என்று இருப்பதாலேயே சிகிச்சை தேவை என்று பொருளில்லை.

சிகிச்சை

வலி குறைவாக இருப்பின் வலி நிவாரணிகளும், இடையிடையே கால்களை உயர்த்தி ஓய்வெடுப்பதும் போதுமானவையாக இருக்கலாம். ஹார்மோன் மருந்துகள் சிலருக்குப் பயன் தரும். பக்கவிளைவுகள் உள்ளதால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

இவற்றால் பயன் கிட்டாதபோது சிரை அடைப்புச் சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம். கழுத்து அல்லது தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பழுதடைந்த சிரைகளைச் சிறு உலோகச் சுருள்களாலோ மருந்தாலோ அடைப்பர். பெரிய கீறல் தேவையில்லை. இரத்தம் மற்ற நல்ல சிரைகள் வழியே செல்லும். சில நாட்களுக்கு வலி இருக்கலாம். காலப்போக்கில் சிலருக்கு நோய் திரும்பவும் கூடும். சிரை அழுத்தப்பட்டிருந்தால் சிகிச்சை முறை மாறுபடும்.

இந்நோய்க்குக் கருப்பையை அகற்றுவது முதல் சிகிச்சை அன்று. அவ்வாறு உங்களுக்குக் கூறப்பட்டால், காரணத்தையும் மாற்று வழிகளையும் கேட்டறியுங்கள். மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

குடும்பத்தினர் கவனத்திற்கு

இவ்வலி வெளியே தெரிவதில்லை. காலையில் நலமாக இருப்பவர் மாலையில் நிற்கவே இயலாமல் போகலாம். இதைச் சோம்பல் என்றோ, பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்றோ கருதாதீர்கள். நின்றுகொண்டே செய்யும் வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். தாம்பத்திய உறவால் வலி உண்டாவதைக் கணவர் புரிந்துகொள்வது அவசியம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும்
• மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சு வலி
• மாதவிடாய் தள்ளிப்போன நிலையில் கடும் அடிவயிற்று வலி
• அதிக இரத்தப்போக்கு, அல்லது காய்ச்சலுடன் கூடிய வலி

இந்நிலைகளில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.