அடைக்கலம் கொடுத்த பிறகு என்ன?

போரும் வன்முறையும் துரத்த, வீடு வாசலை விட்டு வெளியேறி வாழ்பவர்களின் எண்ணிக்கை 2024 இறுதியில் 12.3 கோடி என்கிறது ஐ.நா. அகதிகள் முகமை. இவர்களில் பெரும்பகுதியினர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். எல்லை தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். செய்திகளில் ஐரோப்பியக் கடற்கரைகளே அதிகம் தென்பட்டாலும், அகதிகளில் 73% பேரைத் தாங்குபவை ஏழை நாடுகளும் நடுத்தர வருமான நாடுகளும்தான்.

எல்லையில் உள்ளே விடுவார்களா, மாட்டார்களா என்பதுதான் எங்கும் பெரிதாகப் பேசப்படுகிறது. ஆனால், உள்ளே வந்தவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது அதற்கு அடுத்த கட்டம். வேலைக்குப் போகலாமா? முகாமுக்கு வெளியே குடியிருக்கலாமா? பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிப்பார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. பதில் எதுவானாலும், அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு கணிப்பு இருக்கிறது: இவர்கள் எப்போது திரும்பிப் போவார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையும்தான் அடிப்படை. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஜோர்டான், லெபனான், வங்கதேசம், இந்தியா ஆகியவை இதில் கையெழுத்திடவில்லை. ஆனாலும், லட்சக்கணக்கானோருக்கு இடம் கொடுத்திருக்கின்றன. துருக்கி கையெழுத்திட்ட நாடு. ஆனால், ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மட்டுமே முழு அகதியாக ஏற்கும். அதனால் சிரியர்களுக்கென்று 2014இல் ‘தற்காலிகப் பாதுகாப்பு’ என்ற தனி ஏற்பாட்டைச் செய்தது. ஒரு கட்டத்தில் அதன் கீழ் 36 லட்சம் சிரியர்கள் இருந்தார்கள். ஆக, கையெழுத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டை எடைபோட முடியாது.

நிலம் கொடுக்கும் உகாண்டா

தெற்கு சூடானில் 2016 ஜூலையில் போர் மீண்டும் வெடித்தபோது, மக்கள் சாரிசாரியாக உகாண்டாவுக்குள் நுழைந்தார்கள். யும்பே மாவட்டத்தில் புதர்க்காடாகக் கிடந்த பிடிபிடி என்ற இடம் அந்த ஆகஸ்டில் குடியிருப்பாகத் திறக்கப்பட்டது. டிசம்பருக்குள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர, ‘இனி இடமில்லை’ என்று மூடினார்கள். வந்த குடும்பங்களுக்கு 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்று மனை அளந்து கொடுக்கப்பட்டது. நம் கணக்கில் ஏறத்தாழ 22 சென்ட். ஒரு பக்கம் குடிசை, மறுபக்கம் காய்கறிப் பாத்தி. உகாண்டாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அகதி வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம், நாட்டுக்குள் எங்கும் போய்வரலாம்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு பின்னணி உண்டு. இடி அமீன் ஆட்சி 1979இல் வீழ்ந்த பிறகு, யும்பே இருக்கும் இதே மேற்கு நைல் பகுதி மக்கள்தான் சூடானுக்குத் தப்பி ஓடினார்கள். அன்று அடைக்கலம் தேடியவர்கள் இன்று நிலம் கொடுக்கிறார்கள். உதவிப் பணத்தில் ஒரு பங்கு உள்ளூர் மக்களின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இல்லாவிட்டால் ‘அவர்களுக்கு மட்டும்தானா?’ என்ற முணுமுணுப்பு எழ அதிக நாளாகாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. பல இடங்களில் மண் கல்லாக இருக்கிறது. கொடுத்த துண்டு நிலத்தை நம்பி ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. உலக உணவுத் திட்டத்தின் ரேஷன் பலமுறை வெட்டப்பட்டிருக்கிறது. 2018இல் கைரேகை, கருவிழிப் பதிவுகளோடு மறுகணக்கு எடுத்தபோது, ஏட்டில் இருந்ததைவிட ஏறக்குறைய 3 லட்சம் பேர் குறைந்தார்கள். அந்த முறைகேட்டைச் சரிசெய்து கொண்டு, 2024 இறுதியில் சுமார் 18 லட்சம் பேரை உகாண்டா தாங்கியது.

மூங்கிலுக்கு மேல் கூடாது

இதற்கு நேர் எதிர் கணிப்பு வங்கதேசத்தினுடையது. 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவத்தின் தாக்குதலுக்குப் பிறகு, சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் காக்ஸ் பஜாருக்கு வந்தார்கள். எல்லையைத் திறந்துவிட்டதற்காக உலகமே வங்கதேசத்தைப் பாராட்டியது. ‘சீக்கிரமே திரும்பிப் போய்விடுவார்கள்’ என்பதுதான் அரசின் நிலைப்பாடு. மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. வீட்டுக்கு மூங்கிலும் தார்ப்பாயும்தான். செங்கல் சுவர் கூடாது. முறையான வேலைக்கு அனுமதியில்லை. பிள்ளைகளுக்கு வங்கதேசப் பாடத்திட்டம் கிடையாது. மியான்மர் பாடத்திட்டமே கற்பிக்கப்படுகிறது. முகாமைச் சுற்றி முள்வேலி.

2021 மார்ச் 22 அன்று அங்கே தீப்பிடித்தது. நெருக்கியடித்து நின்ற மூங்கில் குடிசைகள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். முள்வேலி தப்பிக்கும் வழியை மறித்ததாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். சம்பாதிக்க வழியில்லாததால் வயிற்றுப்பாடும் முழுக்க உதவியைச் சார்ந்ததே. 2023இல் நன்கொடை குறைந்தபோது, ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி முதலில் 10 ஆகவும் பிறகு 8 ஆகவும் சுருங்கியது.

பாலைவனத்தில் ஒரு நகரம்

ஜோர்டானின் ஜாத்தரி முகாம் 2012 ஜூலையில் சிரியர்களுக்காகக் கூடாரங்களோடு தொடங்கியது. பிறகு தகரப் பெட்டி வீடுகள் வந்தன, கடைத்தெருவே முளைத்தது. முகாமின் சூப்பர் மார்க்கெட்டில் பணமோ அட்டையோ தேவைப்படாத முறையும் வந்தது. கல்லாவில் இருந்த கருவிக்குள் கண்ணைக் காட்டினால், உதவிக் கணக்கிலிருந்து தொகை கழிந்தது.

2016இல் லண்டனில் ஒரு பேரம் முடிந்தது. சிரியர்களுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்புகளைத் திறந்துவிட ஜோர்டான் ஒப்புக்கொண்டது. பதிலுக்குச் சலுகைக் கடனும் ஐரோப்பியச் சந்தையில் வரிச் சலுகையும் கிடைத்தன. விவசாயம், கட்டுமானம், தொழிற்சாலை போன்றவற்றில் அனுமதி வந்தது. மருத்துவம், பொறியியல், வழக்கறிஞர் தொழில் எல்லாம் ஜோர்டானியர்களுக்கே என்று மூடியே இருந்தன.

ஒரே நாடு, இரண்டு எல்லைகள்

பணக்கார நாடுகளில் முடிவு அரசியலைப் பொறுத்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், 2022 மார்ச் 4 அன்று, 2001 முதல் தூங்கிக் கிடந்த ஒரு விதியை ஐரோப்பிய ஒன்றியம் முதன்முறையாக எழுப்பியது. உக்ரைனியர்கள் தனித்தனியாக விசாரணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தங்கவும் வேலை பார்க்கவும் உடனே உரிமை. வீட்டில் இடம் கொடுத்தவர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 ஸ்வாட்டி என்று போலந்து அரசு கொடுத்தது. அதே ஆண்டில், அதே போலந்து, பெலாரஸ் வழியாக வரும் மேற்கு ஆசிய, ஆப்பிரிக்க மக்களைத் தடுக்க 186 கிலோமீட்டருக்கு இரும்பு வேலி கட்டி முடித்தது.

ஜெர்மனி 2015இல் வந்தவர்களை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. எந்த மாநிலத்துக்கு எத்தனை பேர் என்பதற்கு ஏற்கெனவே ஒரு சூத்திரம் இருந்தது: வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, மக்கள்தொகைக்கு ஒரு பங்கு. 600 மணி நேர மொழி வகுப்பும் உண்டு. அந்த ஆண்டு வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஏழு ஆண்டுகளில் வேலையில் இருந்தார்கள். பெண்களின் விகிதம் மட்டும் வெகுவாகப் பின்தங்கியது.

தமிழ்நாட்டு முகாம்கள்

1983 முதல் இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிவிட்டார்கள், ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். மாதப் பணக்கொடை, ரேஷன், அரசுப் பள்ளி, கல்லூரி எல்லாம் உண்டு. பெயின்டிங், கட்டட வேலை என்று வெளியே போய்ச் சம்பாதிக்கவும் முடியும். 2021இல் ஆயிரக்கணக்கான புது வீடுகளுக்கும் அரசு திட்டம் அறிவித்தது. ஆனால், இங்கேயே பிறந்து பட்டம் வாங்கியவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. அதனால் இந்தியக் கடவுச்சீட்டும் அரசு வேலையும் எட்டாக்கனிதான்.

கணிப்பின் விலை

அகதிகளுக்கு உரிமை கொடுத்த உகாண்டாவுக்குப் பணம் போதவில்லை. பணம் உள்ள பல நாடுகள் உரிமையை ஆள் பார்த்துக் கொடுக்கின்றன. வேலை செய்ய விடுவதால் மட்டும் பசி தீர்ந்துவிடாது என்பதை உகாண்டா காட்டுகிறது. வேலையே செய்ய விடாவிட்டால், எங்கோ ஒரு நாடு நன்கொடையைக் குறைத்த மாதமே அடுப்பு அணையும் என்பதை வங்கதேசம் காட்டுகிறது. ‘தற்காலிகம்’ என்ற கணிப்பு பெரும்பாலும் பொய்த்தே இருக்கிறது. கென்யாவின் தாதாப் முகாம் 1991 முதல் இருக்கிறது. அகதி நிலைத்துவிடுவாரோ என்று அஞ்சி வேலையையும் படிப்பையும் மறுப்பதால் எந்தப் போரும் சீக்கிரம் முடிந்ததில்லை. நாளை போர் ஓய்ந்தால் ஊரைத் திரும்பக் கட்ட வேண்டியவரும் அவர்தான். கைத்தொழிலும் படிப்பும் இழந்தவரால் அது முடியாது.