புதிய மடிக்கணினியிற் பழைய பணிசெயல் முறைமை

புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கியவர், அதனுடன் வந்த விண்டோஸ் 11 என்னும் பணிசெயல் முறைமையை நீக்கிவிட்டு, தாம் நெடுநாட் பழகிய விண்டோஸ் 7ஐ அதில் நிறுவ விரும்புவது நம்மிடையே அரிதன்று. பாடசாலை அலுவலகங்களில் இவ்விருப்பம் இன்னும் மிகுதி. பத்துப் பதினைந்து ஆண்டு வினாத்தாள்கள், மாணவர் புள்ளிகளைப் பதியும் பழைய நிரல், இன்னும் உழைக்கும் பழைய அச்சுப்பொறி ஆகிய யாவும் பழைய முறைமையோடு பிணைந்து கிடக்கின்றன. புதிய கணினி வந்ததும் இவையெல்லாம் கைவிட்டுப் போகுமோ என்னும் அச்சம் எழுகின்றது. இவ்வச்சம் நகைத்து ஒதுக்கத் தக்கதன்று. ஆயினும், அவ்விருப்பம் நிறைவேறுமா, நிறைவேறினும் நன்மை பயக்குமா என்னும் இரண்டு வினாக்களை நாம் முதலில் ஆராய்தல் வேண்டும்.

பணிசெயல் முறைமை என்பது யாது? தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். கணினியின் உறுப்புகளுக்கும் நாம் கையாளும் நிரல்களுக்கும் இடையே நின்று, இரு சாராரையும் இணைத்து வேலை வாங்கும் பெருநிரலே அது. திரை, விசைப்பலகை, சேமிப்பகம் ஆகிய ஒவ்வோர் உறுப்போடும் பேசுவதற்கு அம்முறைமைக்கு இயக்கி என்னும் சிறுநிரல் ஒன்று தேவை. ஒரு முறைமை வெளிவந்த காலத்தில் எவ்வுறுப்புகள் வழக்கில் இருந்தனவோ, அவற்றுக்குரிய இயக்கிகளே அதனுடன் வரும். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 ஒக்டோபரில். அதன்பின் தோன்றிய உறுப்புகளை அது தானாக அறிந்திருக்க வழியில்லை.

தெமட்டகொடையில் வாழும் எமக்குப் புகையிரதப் பாதையிலிருந்தே இதற்கோர் உவமை கிடைக்கின்றது. நம் நாட்டின் பெரும்பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலம் ஐந்தடி ஆறங்குலம். களனிவெளிப் பாதையோ நெடுங்காலம் இரண்டடி ஆறங்குல அகலத்ததாகவே இருந்தது. 1990களில் அது அகலப் பாதையாக மாற்றப்பட்டபோது, ஒடுங்கிய பாதைக்கென அமைந்த எஞ்சின்கள் அதன்மேல் ஓட இயலாதனவாயின. எஞ்சினிற் பழுது யாதுமில்லை, பாதையிலும் குற்றமில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவே. புதிய மடிக்கணினியிற் பழைய முறைமை படும் பாடும் இத்தகையதே.

அப்பொருத்தமின்மை எங்கெங்கே தோன்றுகின்றது என்று பார்ப்போம். முதலாவது, கணினியின் தொடக்க நிரல். மின்விசையை அழுத்தியவுடன் முதலில் விழித்தெழுவது அதுவே. முன்னாளில் இப்பணியைப் பயோஸ் என்பது செய்தது, இன்று யூ.ஈ.எப்.ஐ. என்பது செய்கின்றது. விண்டோஸ் 7, திரையை ஒளிர்விப்பது போன்ற சில பணிகளுக்குப் பழைய பயோஸின் உதவியை எதிர்பார்க்கின்றது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வுதவி அறவே நீக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, யூ.எஸ்.பி. வாயில். முறைமையை ஒரு பேனாத் தட்டில் ஏற்றி நிறுவத் தொடங்கினால், முதற் கட்டம் தடையின்றி நடக்கும். ஏனெனில் அப்போது தட்டைப் படித்துக் கொடுப்பது தொடக்க நிரல். சிறிது நேரத்திற் பொறுப்பு முறைமையின் கைக்கு மாறுகின்றது. அது யூ.எஸ்.பி. 3 வாயிலை அறியாதது. எனவே, தான் எந்தத் தட்டிலிருந்து வந்ததோ அந்தத் தட்டையே காணமாட்டாமல், இயக்கி ஒன்றைத் தருமாறு கேட்டு நின்றுவிடுகின்றது. வழிகாட்டியோடு வாயில்வரை வந்த விருந்தினர், வழிகாட்டி விடைபெற்றதும் அவ்வீட்டாரின் மொழியறியாது திகைத்து நிற்பது போன்றது இது.

மூன்றாவது, சேமிப்பகம். என்.வி.எம்.ஈ. என்னும் புதுவகைச் சேமிப்பகத்துக்கு உரிய இயக்கி விண்டோஸ் 7 உடன் வரவில்லை. நான்காவது, மையச் செயலி. இன்ரெல் நிறுவனத்தின் ஏழாம் தலைமுறைச் செயலிகளும் அவற்றையொத்த பிறவும் உள்ள கணினிகளில், விண்டோஸ் 7க்கான இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2017 ஏப்பிரலிலிருந்து தடுத்துவிட்டது.

கைதேர்ந்தவர்கள் விடுபட்ட இயக்கிகளைத் தேடி எடுத்து, நிறுவல் தட்டிலே முன்கூட்டிச் சேர்த்து, சில கணினிகளில் இவ்வேலையை முடித்துவிடுவர் என்பது உண்மையே. ஆனால், அதன் பின்னரே இரண்டாம் வினா எழுகின்றது: நன்மை பயக்குமா?

விண்டோஸ் 7க்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரி 14 உடன் முடிவுற்றன. திருத்தங்கள் பெறாத முறைமையால் விளையும் கேட்டை உலகம் 2017 மே மாதத்திற் கண்டது. வன்னாக்கிறை என்னும் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவைத்து மீட்புப் பணம் கேட்டபடி, சில நாட்களில் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவியது. பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றின் பணிகளும் தடைப்பட்டன. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே அகப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்று திருத்தம் இருந்தது, நிறுவுவோர் தாமதித்தனர். இனிக் காணப்படும் ஓட்டைகளுக்கோ, அம்முறைமையில் திருத்தமே வரப்போவதில்லை. மாணவர் பெயரும் முகவரியும் புள்ளிகளும் அடங்கிய கணினியை இந்நிலையில் இணையத்தோடு இணைப்பது தகாது.

அவ்வாறாயின் பழைய கோப்புகளையும் நிரல்களையும் இழந்துவிடுவதா? வேண்டியதில்லை. நமக்கு உண்மையில் வேண்டுவது பழைய முறைமையா, அதனுள் இருக்கும் பொருள்களா என்று பிரித்தறிதல் வேண்டும். பெரும்பாலும் வேண்டுவது பின்னதே.

நம் நாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளிற் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட வினாத்தாள்கள் ஏராளம். புதிய கணினியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றுகின்றது. உடனே பழைய முறைமை வேண்டும் என்கின்றோம். உண்மை வேறு. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையிற் காணும் சொல், கோப்பினுள் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே கிடக்கின்றது. அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்துவது எழுத்துருவேயன்றி முறைமையன்று. ஆகவே, பாமினி எழுத்துருவை விண்டோஸ் 11இல் நிறுவினாலே கோப்பு மீண்டும் தமிழாகும்.

எனினும் அதனோடு நின்றுவிடலாகாது. யுனிக்கோட் நியமத்தில் 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் தமிழுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. மாற்றி நிரல்களின் துணையால் பாமினிக் கோப்புகளை யுனிக்கோட்டுக்கு மாற்றிவிட்டால், எக்கணினியும் எக்கைப்பேசியும் அவற்றைத் தமிழாகவே படிக்கும். மாற்றும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: கோப்பின் இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருப்பின், அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். எனவே மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. மூலக் கோப்பையும் அழிக்காது வைத்தல் நன்று.

பழைய நிரல் ஒன்று புதிய முறைமையில் ஓட மறுப்பதும் உண்டு. பதினாறு பிற்று நிரல்கள் விண்டோஸ் 11இல் இயங்கா. அதற்கும் வழி உண்டு. வேர்ச்சுவல் பொக்ஸ் போன்ற மென்பொருள், புதிய கணினியினுள்ளே கற்பனைக் கணினி ஒன்றை அமைத்துத் தருகின்றது; இதனை மெய்நிகர் இயந்திரம் என்பர். அதன் உறுப்புகள் பழைய முறைமை அறிந்த வகையினவாகவே அமைவதால், மேலே கூறிய தடைகள் அங்கே எழுவதில்லை. உரிய அனுமதியுள்ள பழைய முறைமையை அதனுள் நிறுவி, அதற்கு இணைய இணைப்புக் கொடாது, அந்த ஒரு நிரலுக்கு மாத்திரம் பயன்படுத்தலாம். அச்சுப்பொறியைப் பொறுத்தவரை, அதன் உற்பத்தியாளர் புதிய இயக்கியை வெளியிட்டுள்ளனரா என்று முதலிற் பார்ப்பதே முறை.

ஆகவே, மடிக்கணினியைத் திருத்துநரிடம் கொடுக்குமுன் ஒரு தாளில் மூன்று நிரல்களை எழுதிக்கொள்ளுங்கள்: எக்கோப்புகள் வேண்டும், எந்நிரல்கள் வேண்டும், எக்கருவிகள் வேண்டும் என்பன. கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டிற் படியெடுத்து, அது திறக்கின்றதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு, ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன வழிகளுள் ஏற்றதைத் தேடுங்கள். பழைய கணினி இன்னும் இயங்குமாயின், இவ்வேலையை இந்தத் தவணை விடுமுறையிலேயே தொடங்கிவிடுவது நலம். அதன் சேமிப்பகம் பழுதுற்றபின் எந்த முறைமையாலும் அக்கோப்புகளை நமக்கு மீட்டுத்தர இயலாது போகலாம்.