கம்பம் பள்ளத்தாக்கு சொந்தம் கொண்டாடும் "கரகாட்டக்காரன்"

கம்பம், சின்னமனூர்ப் பக்கம் வாழைக்குப் பேர்போனது. தார் தாராக வெட்டி, லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊர்க் கடைத்தெருவில் நின்று, "2 பழம் கொடுங்கள்" என்று யாராவது கேட்கட்டும். பக்கத்தில் நிற்பவர் உதட்டில் ஒரு சிரிப்பு ஓடும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கவுண்டமணி கேட்டதும், செந்தில் சொன்னதும் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!

"கரகாட்டக்காரன்" வெளிவந்தது 1989-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி. ராமராஜன் கதாநாயகன். பழைய நட்சத்திரம் தேவிகாவின் மகள் கனகா, கதாநாயகியாக அறிமுகம். இளையராஜா இசை. டைரக்ஷன், அவர் தம்பி கங்கை அமரன். அதே ஆண்டில்தான் கமலஹாசனின் "அபூர்வ சகோதரர்கள்" வந்து தமிழ்நாட்டையே கலக்கிக் கொண்டிருந்தது. கமல் குள்ளனாக நடித்த விந்தையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. இந்தப் படத்திலோ அப்படி எந்த விந்தையும் இல்லை. ஒரு காதல், கொஞ்சம் தமாஷ், நிறையப் பாட்டு. அவ்வளவுதான். ஆனாலும் மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது!

காரணம் என்ன? கம்பம் பள்ளத்தாக்கு மக்களைக் கேட்டால், முதலில் வருகிற பதில் "நம்ம ஊர்ப் பிள்ளைகள் எடுத்த படம்" என்பதுதான். அண்ணன் தம்பி பிறந்த பண்ணைப்புரம், உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிறது. (தேனி மாவட்டம் 1996-ல்தான் பிரிந்தது. படம் வந்தபோது இவையெல்லாம் மதுரை மாவட்டம்.) ஊர்ப்பாசம் பேசுகிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

திறந்த வெளியில் படித்த பாடம்

மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் மலைக்கு அப்பால் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாட்டு எழுப்பிய ஆரவாரத்தைப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லக் கேட்கலாம். அந்தக் கச்சேரிகளுக்குக் கொட்டகை கிடையாது, டிக்கெட் கிடையாது. பிடித்தால் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். ஜனங்களின் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன பாடுவது என்று தீர்மானிக்க வேண்டும். கங்கை அமரன் படித்த பள்ளிக்கூடம் அதுதான். "கரகாட்டக்காரன்" படத்தில் ஒரு காட்சியாவது அலுப்புத் தட்டும்வரை நீண்டிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்!

சரி, கதை என்ன? முத்தையன் கரகாட்டக்காரன். காமாட்சி வேறொரு ஊரில் கரகம் ஆடுகிறவள். ஒருவர் ஆட்டத்தை ஒருவர் பார்க்கிறார்கள், போட்டி போடுகிறார்கள், காதலிக்கிறார்கள். காமாட்சியின் அக்காள் புருஷன் அவளை ஊர்ப் பணக்காரனுக்குப் பிடித்துக் கொடுக்கப் பார்க்கிறான். கடைசியில் காதலர்கள் கரகத்தோடு தீயில் இறங்கித் தங்கள் பேரைக் காப்பாற்றிக் கொள்கிறார்கள்.

இது "தில்லானா மோகனாம்பாள்" அல்லவா என்று படித்தவர்கள் அன்றே கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. 1968-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்திலும் இரண்டு கலைஞர்கள். அதிலும் போட்டி, காதல். அதிலும் நாட்டியக்காரியைப் பணத்தால் வாங்கிவிடலாம் என்று நினைக்கிற பெரிய மனிதர்கள். நாயனமும் பரதமும் இருந்த இடத்தில் இங்கே கரகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் சின்ன மாற்றமா? சபாவில் ஆடுகிறவளுக்காவது பொன்னாடை உண்டு. தெருப் புழுதியில் ஆடுகிறவளுக்கு என்ன உண்டு?

சிரித்தார்கள், யாரைப் பார்த்து?

கரகாட்டத்துக்கு வாசிப்பது நையாண்டி மேளம். இரண்டு நாயனம், தவில், பம்பை, தமுக்கு. பேரிலேயே நையாண்டி இருக்கிறது. நிஜ ஆட்டத்திலும் மேளக்காரரும் ஆட்டக்காரியும் ஒருவரை ஒருவர் கேலி பேசுவது வழக்கம். அந்தக் கேலி சில சமயம் எல்லை மீறும். பெண் பிள்ளைகள் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

படத்தில் அந்தக் கேலி முழுவதும் தவில்காரர் கவுண்டமணிக்கும் நாயனக்காரர் செந்திலுக்கும் போய்விட்டது. ஆடுகிறவர்களைத் தொடவே இல்லை! காமாட்சி தலையில் கரகத்தோடு வந்தால் கொட்டகையில் கைதட்டல். செந்தில் வாயைத் திறந்தால் வெடிச் சிரிப்பு. இரண்டும் கலக்கவில்லை. குடும்பத்தோடு, வயதுப் பெண்ணோடு, மாமியாரோடு உட்கார்ந்து பார்க்க முடிந்தது. திரும்பத் திரும்ப வந்தவர்களில் பெண்கள் ஏராளம் என்றால் அதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். வாழைப்பழக் காட்சியில் செந்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? 2 பழம் வாங்கச் சொன்னார்கள், வாங்கினான். ஒன்றைத் தின்றான், ஒன்று கையில் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்றால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று! கணக்கு ஒரு விதத்தில் சரி. சரியாக இருப்பதால்தான் கவுண்டமணிக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அடியும் உதையும் இல்லாமலே அந்தச் சிரிப்பு நிற்கும்.

தள்ளிவிட்டால் ஓடுகிற அந்தப் பழைய காரை மறக்க முடியுமா? அதை முன்பு வைத்திருந்தாளாம் சொப்பன சுந்தரி. படத்தில் ஒரு காட்சியில்கூட அவள் முகம் தெரியாது. அந்தப் பேரிலேயே 2023-ல் ஒரு படம் வந்துவிட்டது! திரையில் வராதவளுக்கு இத்தனை யோகம்.

பெண்கள் மெச்சியது வேறு. முத்தையனின் தாய்தான் காமாட்சியின் தகப்பனாருடைய தங்கை என்று தெரிய வருகிற இடம். சண்முகசுந்தரம் அழுத அழுகையில் கொட்டகையே கண்ணைத் துடைத்தது. எப்போதோ பிரிந்த அண்ணனும் தங்கையும் சேருகிறார்கள். அதோடு அவன் அத்தை மகன், அவள் மாமன் மகள் ஆகிவிட்டாள்! அப்புறம் யார் தடுக்க முடியும்? நகரத்து விமர்சகர் இதை "தற்செயல்" என்று தள்ளலாம். தாய்மாமன் உறவுக்குத் தலை வணங்குகிற ஊரில் இது தற்செயல் அல்ல, உரிமை.

ஆட்டம் தெரிந்தவர் கணக்கு

குறை சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. தலையில் கரகத்தை வைத்து, கை படாமல், குனிந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிற ஆட்டம் இது. பல வருஷப் பழக்கம் வேண்டும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ராமராஜன் ஆட்டத்தில் குதிப்பு அதிகம், கழுத்து வேலை குறைவு. நியாயமான குறைதான்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. தீச்சட்டி தூக்குகிறவர்களும், முல்லையாற்றில் குளிக்கிறவர்களுமாக ஊர் கொள்ளாத கூட்டம். அம்மன் முன்னால் எடுப்பது சக்திக் கரகம்; ஜனங்களுக்கு ஆடுவது ஆட்டக் கரகம். படம் வந்த பிறகு ஆட்டக் கரகத்துக்கு மவுசு கூடியது. கூடவே, சினிமாப் பாட்டுக்குத்தான் ஆட வேண்டும் என்ற பிடிவாதமும் கூடியது. பிறகு பாட்டு மாறியது; பாவாடையின் நீளம் குறைந்தது. திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் ஆபாசம் கூடாது என்று ஐகோர்ட்டின் மதுரைக் கிளை பல முறை நிபந்தனை போட வேண்டி வந்தது. பழியை இந்தப் படத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. முழங்காலைக் காட்டி ஆடவைத்த படம் அல்ல இது. என்றாலும், காமாட்சிக்குக் கைதட்டிய அதே ஊர், நேரில் ஆட வந்தவளுக்கு என்ன மரியாதை கொடுத்தது என்ற கேள்வியை ஆட்டக்காரிகள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

கூலி பேசும்போது அந்தப் படத்தின் பேரைச் சொல்லித்தான் இன்றைக்கும் பேரம் நடக்கிறது. மலேசியா வாசுதேவனும் சித்ராவும் பாடிய மாரியம்மன் பாட்டை நாயனக்காரர் எடுத்துவிட்டால், தீச்சட்டி ஏந்தி வருகிறவர்களுக்கு அருள் வந்துவிடுகிறது. நள்ளிரவுக்கு மேல், ஆட்டக்காரிக்குக் கால் ஓய்ந்த நேரத்தில், கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர் 10 ரூபாய் நோட்டை நீட்டி மறுபடியும் அதையே கேட்பார். அவள் கரகத்தைச் சரி செய்துகொண்டு எழுந்திருப்பாள்.