ஐரோலி பாலத்தைக் கடக்கும் புகை: புதிய வாகனத்துக்குச் சட்டம், பழைய வாகனத்துக்குச் சான்றிதழ்

புது தில்லி: நவி மும்பையின் ஐரோலியையும் மும்பையின் முலுண்டையும் இணைக்கும் பாலம், தாணே கழிமுகத்தின் மீது 1999-இல் திறக்கப்பட்டது. மும்பை மாநகரின் ஐந்து நுழைவுச் சுங்கச்சாவடிகளுள் ஒன்று இப்பாதையில் உள்ளது. 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் இந்த ஐந்து இடங்களிலும் இலகுரக வாகனங்களுக்கான சுங்கக் கட்டணத்தை மகாராஷ்டிர அரசு ரத்து செய்தது. கட்டணம் நீங்கிவிட்டது. பாலத்தைக் கடக்கும் வாகனங்கள் விட்டுச்செல்லும் புகைக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

மும்பைத் தமிழர்களுக்கு இது தொலைதூரத்துப் பிரச்னை அல்ல. தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளிலிருந்து டாக்சி, ஆட்டோ, டெம்போ ஓட்டிப் பிழைப்போரும் உண்டு. அந்த வாகனங்களின் புகையை நாள்தோறும் சுவாசிப்போரும் உண்டு. பல குடும்பங்களில் இருவரும் ஒருவரே. செம்பூரை அடுத்த மாஹுலில் 1950-களிலேயே இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அமைந்துவிட்டன. கழிமுகத்தின் மறுகரையில், ஐரோலி தொடங்கி பேலாப்பூர் வரை தொழிற்பேட்டை நீள்கிறது. எரிபொருள் உருவாவதும், அது எரிந்து புகையாவதும் இவ்வட்டாரத்துக்குள்ளேயே நடக்கின்றன.

கடந்த 25 ஆண்டுகளில் வாகனப் புகை தொடர்பான விதிமுறைகள் இந்தியாவில் பெருமளவு கடுமையாக்கப்பட்டுள்ளன. ஆனால் அக்கடுமை தொழிற்சாலை வாசலிலும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும்தான் முழுமையாகச் செயல்படுகிறது. வாகனம் சாலைக்கு வந்த பிறகு அதைக் கண்காணிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் ஒரு சான்றிதழோடு முடிந்துவிடுகிறது.

நீதிமன்றம் முன்னே, அரசு பின்னே

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 110-ஆவது பிரிவு, வாகனப் புகையின் அளவை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. அதன்படி வகுக்கப்படும் விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள்கள் மேசையில் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர் எவரேனும் திருத்தமோ, நீக்கமோ கோரித் தீர்மானம் கொண்டுவந்தாலன்றி அவை விவாதத்துக்கு வருவதில்லை. இதனால், கோடிக்கணக்கான வாகன உரிமையாளர்களைப் பாதிக்கும் முடிவுகள் அரசிதழ் வழியாகவும், நீதிமன்ற உத்தரவுகள் வழியாகவுமே மக்களை வந்தடைந்துள்ளன.

தில்லியின் பேருந்துகளை சி.என்.ஜி. எனப்படும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மும்பையில், புகையால் பாதிக்கப்பட்ட குடியிருப்போர் மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் 1999-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டது. மாநிலப் போக்குவரத்து ஆணையராக இருந்த வி.எம். லால் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பழைய டாக்சிகள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் அல்லது சாலையை விட்டு விலக வேண்டும் என்ற நிலை அதன் தொடர்ச்சியாகவே உருவாயிற்று. 1995-இல் தொடங்கப்பட்ட மகாநகர் கேஸ் நிறுவனத்தின் எரிவாயு நிலையங்களை நோக்கி மும்பை டாக்சிகள் திரும்பின.

எரிபொருளின் தரமும் இதே காலத்தில் மாறியது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. ஐரோப்பிய விதிமுறைகளைத் தழுவிய பாரத் ஸ்டேஜ்-2 விதிமுறை 2000-இல் தில்லியிலும், 2001-இல் மும்பை, சென்னை, கொல்கத்தாவிலும் நடைமுறைக்கு வந்தது. ஆர்.ஏ. மஷேல்கர் குழு 2002-இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 2003-இல் வாகன எரிபொருள் கொள்கை வகுக்கப்பட்டது. பெருநகரங்களுக்கு முதலிலும், ஏனைய பகுதிகளுக்குப் பின்னரும் என்ற அக்கொள்கையின் இரட்டை அளவுகோல் 2017 வரை நீடித்தது.

அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பாரத் ஸ்டேஜ்-4 நாடு முழுவதற்கும் பொதுவானது. அதற்கு மூன்று நாள்கள் முன்னதாக, பாரத் ஸ்டேஜ்-3 வாகனங்களை இனி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சுமார் 8.24 லட்சம் வாகனங்கள் விற்பனையாகாமல் இருந்த நேரம் அது. வணிக லாபத்தைவிட மக்களின் உடல்நலமே முக்கியம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடாக இருந்தது.

சௌமித்ர சௌதுரி குழு, ஆறாம் நிலையை 2024-இல் அடையலாம் என 2014-இல் பரிந்துரைத்திருந்தது. மத்திய அரசோ ஐந்தாம் நிலையைத் தாண்டி, நேராக ஆறாம் நிலைக்குச் செல்வது என்று 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6 அமலுக்கு வந்தது. இரண்டாம் நிலையில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை அனுமதிக்கப்பட்ட டீசல் கந்தகம், நான்காம் நிலையில் 50 ஆகவும், ஆறாம் நிலையில் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. டீசல் காருக்கான நுண்துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லி கிராமிலிருந்து 4.5 மில்லி கிராமாகவும், நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 250 மில்லி கிராமிலிருந்து 80 மில்லி கிராமாகவும் இறங்கின. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தகைய தாவல் பிற நாடுகளில் அரிது.

சிறு பிளக்கின் பெரும் பங்கு

தூய எரிபொருள் இருந்தால் மட்டும் புகை தூய்மையாகிவிடாது. அந்த எரிபொருள் முழுமையாக எரிய வேண்டும். பெட்ரோல், எரிவாயு வாகனங்களில் அந்த வேலையைத் தொடங்கிவைப்பது ஸ்பார்க் பிளக் என்னும் சிறு பொருள். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறது. பிளக்கின் நுனியில் உள்ள இரு மின்முனைகளுக்கு நடுவே, ஒரு மில்லி மீட்டரை ஒட்டிய இடைவெளியில் அது தீப்பொறியாகத் தாவுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றும் எரிபொருளும் அப்பொறியில் பற்றுகின்றன.

மின்முனை தேய்ந்து இடைவெளி அகன்றாலோ, நுனியில் கரி படிந்தாலோ பொறி தவறும். பற்றாத எரிபொருள் அப்படியே ஹைட்ரோகார்பனாகப் புகைக்குழாய் வழியே வெளியேறும். அத்துடன் தீங்கு நிற்பதில்லை. புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றியமைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எனும் கருவிக்குள் இந்த எரிபொருள் புகுந்து எரியும்போது, வெப்பம் மிகுந்து கருவியே பாழாகும். பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கருவியை, சில நூறு ரூபாய் பிளக்கின் மீதான அலட்சியம் அழித்துவிடுகிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தே இயந்திரத்தின் உடல்நிலையை மெக்கானிக்குகள் சொல்லிவிடுவர். நுனி இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சீராக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் பிஸ்டன் வளையமோ, வால்வு சீலோ தேய்ந்துள்ளது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் மிகுதி. இயந்திரத்துக்கு ஏற்ற வெப்பத் திறன் கொண்ட பிளக்கைப் பொருத்துவது இதனாலேயே முக்கியமாகிறது.

சி.என்.ஜி. வாகனங்களில் இக்கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இயற்கை எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க, பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தம் தேவை. ஆகவே, இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைப்பர். பிளக்கும் விரைவில் தேயும். டீசல் இயந்திரத்திலோ பிளக்குக்கே இடமில்லை. காற்றின் அழுத்தத்தில் எழும் வெப்பத்தாலேயே டீசல் பற்றுகிறது. பழைய டீசல் டாக்சிகளை எரிவாயுவுக்கு மாற்றுவது ஒரு சிலிண்டரைப் பொருத்துவதுடன் முடியாமல், இயந்திரத்தையே மாற்றும் செலவாக ஆனதற்கு இதுவே காரணம்.

சான்றிதழின் எல்லை

சாலையில் ஓடும் வாகனம் புகைக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆவது விதி. பதிவாகி ஓராண்டு கடந்த வாகனங்களுக்கு இது கட்டாயம். பி.யு.சி. என்று பரவலாக அறியப்படும் இச்சோதனையில், பெட்ரோல் வாகனம் நின்ற இடத்தில் இயங்கும்போது வெளியேறும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. பொறி தவறும் பிளக்கை இச்சோதனை காட்டிக்கொடுக்கக் கூடும். டீசல் வாகனத்தில் புகையின் அடர்த்தி மட்டுமே பார்க்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்சைடும், நுண்துகளின் எடையும் சோதனைக்கு வெளியே உள்ளன. ஆறாம் நிலையில் எவற்றைக் குறைக்கப் பெருமுதலீடு செய்யப்பட்டதோ, அவற்றையே சாலையோரச் சோதனை அளப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இச்சான்றிதழ் இல்லாமல் வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த நிபந்தனையால் பல வாகனங்கள் காப்பீடே இல்லாமல் ஓடுவதாகவும், விபத்தில் சிக்குவோர் இழப்பீடு பெற இயலாமல் போவதாகவும் காப்பீட்டு நிறுவனங்கள் முறையிட்டன. 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை நீக்கியது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், விதியை மீறிப் புகை கக்கும் வாகனத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்தது. அபராதம் உயர்ந்தது, அளக்கும் முறை பழையதாகவே இருக்கிறது.

செலவு யாருடையது?

15 ஆண்டுகள் கடந்த வணிக வாகனங்கள் தகுதிச் சோதனையில் தேறாவிட்டால் கழிக்கப்படும் என்ற கொள்கையை, 2021 மார்ச் 18-ஆம் தேதி மக்களவையில் அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். மும்பையில் டாக்சிகளுக்கான வயது வரம்பு 20 ஆண்டுகள். 2003 அக்டோபரில் பதிவான கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி, 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் கருத்தைத் தொடர்ந்து, மும்பைப் பெருநகரப் பகுதியில் பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக விலக்கி, எரிவாயு, மின்சார வாகனங்களை மட்டும் அனுமதிக்க இயலுமா என ஆராய ஏழு பேர் குழுவை மாநில அரசு அமைத்தது.

இதனிடையே, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் வரையும், இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் வரையும் குறையலாம் என்று நீதி ஆயோக் அறிக்கை 2021-இலேயே மதிப்பிட்டிருந்தது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்ற மனுவை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பழைய வாகனம் வைத்திருப்பவருக்கு மாற்று வழி இல்லை.

தூய காற்று அனைவரின் உரிமை என்பதில் இரு கருத்துகள் இருக்க முடியாது. ஆனால் அதன் செலவு, பழைய வாகனத்தைத் தவிர வேறு முதலீடு இல்லாத ஓட்டுநரின் தோளில் மட்டும் ஏற்றப்படுவது நியாயமாகாது. வயதைப் பார்த்து வாகனத்தை ஒதுக்குவது நிர்வாகத்துக்கு எளிது. புகையை அளந்து, பழுதைச் சொல்லி, சரிசெய்ய அவகாசமும் உதவியும் அளிப்பது கடினமான வழி. நன்கு பராமரிக்கப்பட்ட பழைய டாக்சியும், பராமரிப்பற்ற புதிய வாகனமும் சட்டத்தின் முன் வேறுபட வேண்டுமெனில், அந்தக் கடினமான வழியே தேவை.

புகை விதிகள் மேசையில் வைக்கப்படும் அந்த 30 நாள்களில் இக்கேள்விகளை எழுப்பும் உரிமை ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் உள்ளது. சாலைச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் ஏன் இடம்பெறவில்லை, சிறு வாகன உரிமையாளர் மாறிக்கொள்ள அரசு என்ன தருகிறது என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்தாக வேண்டும். அதுவரை, ஐரோலி பாலத்தின் வழியாகச் செல்வோரின் நுரையீரல் எந்த விலக்கும் இன்றிக் கட்டணம் செலுத்திக்கொண்டுதான் இருக்கும்.