வெப்பமானி சொல்வதும் உடல் உணர்வதும்

மகன் துபாயில், மகள் இலண்டனில், தம்பி தில்லியில், பெற்றோர் திருவனந்தபுரத்தில் என்று வாழும் குடும்பங்கள் நம் வாடிக்கையாளர்களிடையே மிகுதி. இத்தகைய வீடுகளில் காலையில் கைப்பேசியை எடுத்து நான்கு ஊர்களின் வெப்பநிலையையும் அடுத்தடுத்துப் பார்ப்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. "அங்கே 42 டிகிரி; இங்கே 33 தானே" என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். இந்த ஒப்பீடு எந்த அளவுக்குச் சரி? ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிடும் முன் அவை எவ்வாறு அளக்கப்பட்டன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை அறிந்துகொள்வது உடல்நலத்துக்கும், சில வேளைகளில் நம் பணத்துக்கும் பயன் தரும்.

நம் நகரின் பழைய பதிவேடு

வானிலையை ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சியில் திருவனந்தபுரத்துக்குத் தனி இடம் உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ஆம் ஆண்டில் இங்கே ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர் ஆனார். அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌன், அதற்கு முன்பு ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர்.

நகரில் எடுக்கும் அளவீடுகள் மட்டும் புரௌனுக்குப் போதவில்லை. 1850-களின் நடுவில், காட்டு வழியே கருவிகளைச் சுமந்து சென்று, அகத்தியமலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அச்சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். கடலோர நகரில் ஒன்று, மலை உச்சியில் ஒன்று என இரண்டு இடங்களிலும் எடுத்த அளவீடுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஒப்பிடத் தக்க கருவிகள், ஒழுங்கான நேரம், இடைவிடாத பதிவு ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஒப்பீடு பொருள்படும் என்பதை அம்முயற்சி நமக்குக் கற்பிக்கிறது.

எண் பிறக்கும் இடம்

வானிலை நிலையம் அறிவிக்கும் வெப்பநிலை வெயிலின் வெப்பநிலை அன்று. நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், காற்று புகுந்து செல்லும் இடுக்குகள் கொண்ட வெள்ளை நிறப் பெட்டியில் வெப்பமானியை வைத்து அளப்பது மரபு. ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்ததால் அது ஸ்டீவன்சன் பெட்டி எனப்படுகிறது. ஆகவே 33 டிகிரி என்று அறிவிக்கப்பட்ட நாளில் தார்ச் சாலையிலும் தகரக் கூரையின் கீழும் நிற்பவர் உணரும் வெப்பம் அதைவிட மிகுதியாகவே இருக்கும். கைப்பேசி காட்டும் எண்ணோ பல வேளைகளில் நம் தெருவில் அளக்கப்பட்டதே அன்று. சுற்றுவட்டார நிலையங்களின் தரவைக் கொண்டு கணினி கணித்துத் தருவது.

அளக்கும் முறை பிழைத்தால் உலகச் சாதனையும் செல்லாது போகும். லிபியாவின் அல் அசீசியாவில் 1922-இல் பதிவான 58 டிகிரி செல்சியஸ் தொண்ணூறு ஆண்டுகள் உலகின் மிக உயர்ந்த வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருந்தது. உலக வானிலை அமைப்பு அதை ஆராய்ந்து, பழக்கமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்கக்கூடும் என்று கண்டு, 2012-இல் அப்பதிவை நீக்கியது. இப்போது அவ்விடத்தில் இருப்பது அமெரிக்காவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 56.7 டிகிரி. மறுமுனையில், அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான அளவு மைனஸ் 89.2 டிகிரி.

ஒரே அட்சம், வெவ்வேறு வானிலை

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் வெப்பம், விலகிச் சென்றால் குளிர் என்று பள்ளியில் படித்தோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைக் கடலும் உயரமும் நீரோட்டங்களும் தீர்மானிக்கின்றன.

திருவனந்தபுரம் வட அட்சம் எட்டரை டிகிரியில், கடலை ஒட்டி இருக்கிறது. கடல்நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால் இங்கே ஆண்டு முழுவதும் பகல் வெப்பநிலை பொதுவாக 30 முதல் 33 டிகிரிக்குள்ளும், இரவு வெப்பநிலை 22 முதல் 25 டிகிரிக்குள்ளும் அடங்கிவிடுகிறது. கடலிலிருந்து வெகுதூரம் விலகிய சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் நகரம் இதற்கு நேர்மாறு. அங்கே 1892-இல் மைனஸ் 67.8 டிகிரியும், 2020 ஜூன் 20 அன்று 38 டிகிரியும் பதிவாகியுள்ளன. ஓர் ஊரின் வெப்பநிலை நூறு டிகிரிக்கு மேல் ஏறி இறங்கக்கூடும் என்பதை நம்மால் கற்பனை செய்வதும் கடினம்.

தென் அட்சம் 12 டிகிரியில் கடற்கரையில் அமைந்த பெரு நாட்டின் தலைநகர் லிமா, நம்மைப் போலவே வெப்பமாக இருக்க வேண்டும். ஆனால், தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் அந்நகரைக் குளிர்விக்கிறது. மழையையும் ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிடுகிறது.

உயரத்தின் விளைவைக் காண நாம் பெரு வரை செல்ல வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். பொன்முடியில் நாம் உணரும் குளிர்ச்சிக்கும், புரௌனின் அகத்தியமலை உச்சி நகரைவிட ஏறத்தாழ 12 டிகிரி குளிர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

ஈரப்பதம் என்னும் மறைந்த கணக்கு

வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். வெப்பம் உடலிலேயே தங்கும். இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே வெப்பக் குறியீடு.

மே மாதப் பிற்பகல் ஒன்றில் திருவனந்தபுரத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்றும், தில்லியில் 42 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்றும் கொள்வோம். அமெரிக்க வானிலைச் சேவை பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, இங்கே உடல் உணரும் வெப்பம் சுமார் 41 டிகிரி. அங்கே சுமார் 42 டிகிரி. வெப்பமானியில் ஒன்பது டிகிரியாகத் தெரிந்த இடைவெளி உடலளவில் ஒரே டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. "இங்கே 33 தானே" என்று எண்ணி நண்பகலில் முதியவர்களை வெளியே அனுப்புவது எவ்வளவு தவறானது என்பது இதனால் விளங்கும்.

வளைகுடாக் கடற்கரை நகரங்களில் கோடையில் உயர்ந்த வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் ஒருங்கே சேர்கின்றன. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரியைக் காட்டும் நிலையில், நிழலில் ஓய்ந்திருப்பவரின் உடலும் தன் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. அதற்குக் குறைந்த அளவிலேயே உழைப்பவர் தளர்ந்துவிடுவார். இதனால்தான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்குவது தடை செய்யப்பட்டுள்ளது. கேரளத் தொழிலாளர் துறையும் கோடை மாதங்களில் வெயிலில் உழைப்போருக்குப் பகல் 12 முதல் 3 மணி வரை ஓய்வளிக்க ஆணையிடுகிறது. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவோர் ஊதியத்தைக் கேட்டறிவதுபோல் இவ்விதிகளையும் கேட்டறிந்து செல்வது நலம்.

வழக்கத்திலிருந்து விலகும்போது

ஒரே எண் எல்லா ஊரிலும் ஒரே ஆபத்தைக் குறிப்பதில்லை. இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 2022 ஜூலை 19 அன்று 40.3 டிகிரி பதிவானது. தில்லிவாசிக்கு அது வழக்கமான கோடை நாள். ஆனால், குளிரைத் தாங்குவதற்காக, வெப்பத்தை உள்ளே தேக்கி வைக்கும்படி கட்டப்பட்ட வீடுகளில் வாழ்வோருக்கு அது பேரிடர். 2003-இல் ஐரோப்பாவைத் தாக்கிய கோடையில் 70,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. மகள் இலண்டனிலிருந்து "வெயில் தாங்கவில்லை" என்று சொன்னால் நாம் சிரிக்கலாகாது.

இந்திய வானிலைத் துறையும் இதை உணர்ந்தே வெப்ப அலைக்கு இடத்துக்கேற்ப எல்லை வகுத்துள்ளது. சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30 என்பன அடிப்படை அளவுகள். அத்துடன் வெப்பநிலை அவ்வூரின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியேனும் கூடியிருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் 41 டிகிரியைத் தாண்டிய பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிக்கப்பட்டது.

வயலுக்கும் நிலையத்துக்கும் இடையே

உள்ளூர் வானிலை நேரடியாகப் பணத்தோடு தொடர்புபடும் இடம் பயிர்க் காப்பீடு. வானிலை அடிப்படையிலான மறுசீரமைக்கப்பட்ட பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடைமுறையில் உள்ளது. இத்திட்டத்தில் இழப்பீடு வயலில் விழுந்த வாழைகளை எண்ணிக் கணக்கிடப்படுவதில்லை. அப்பகுதிக்கென அறிவிக்கப்பட்ட வானிலை நிலையத்தில் பதிவான மழை, வெப்பநிலை போன்றவை குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினவா என்பதே அடிப்படை. நம் வயலில் மழை பொய்த்து, நிலையம் இருக்கும் இடத்தில் பெய்துவிட்டால் எதிர்பார்த்த தொகை கிடைக்காமல் போகலாம். நிலையத்துக்கும் வயலுக்கும் இடையே மலை ஒன்று நின்றால் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகும்.

பயிர்க்கடன் பெற்றவர்கள் இத்திட்டத்தில் சேர்வது 2020 முதல் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. எனவே பிரீமியம் செலுத்துமுன் மூன்று செய்திகளைக் கிளையில் கேட்டறியுங்கள்: நம் நிலத்துக்குரிய வானிலை நிலையம் எது? எந்தப் பயிருக்கு எந்தக் காலத்தின் பதிவு கணக்கில் கொள்ளப்படும்? எந்த அளவைத் தாண்டினால் இழப்பீடு தொடங்கும்? இவற்றுக்கு விடை பெற்ற பின் கையொப்பமிடுவது வாடிக்கையாளரின் உரிமை. விளக்குவது வங்கியின் கடமை.

இனி நான்கு ஊர்களின் வெப்பநிலையைப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் அருகில் உள்ள ஈரப்பதத்தையும், அன்றைய இரவு வெப்பநிலையையும், அவ்வூரின் வழக்கமான அளவையும் சேர்த்துப் பாருங்கள். இரவிலும் வெப்பம் தணியாத நாள்களில் உடலுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அந்நாள்களில் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் கவனம் தேவை. வங்கிப் பணிகளைக் காலை வேளையில் முடித்துக்கொள்ளுங்கள். முதியோர் நண்பகலில் வரிசையில் நிற்பதைத் தவிர்க்கலாம்.