இரு பதிவேடுகள், ஓர் உண்மை

நுழையும்முன்
முகம் காணாமல், வானலையில் வரும் குரலையோ குறியொலியையோ மட்டும் கேட்டு உலகோடு உறவாடுவோர் ஹாம் வானொலியாளர்கள். 'இன்னாருடன் தொடர்புகொண்டேன்' என ஒருவர் கூறுவதைப் பிறர் எவ்வாறு நம்புவது? அதற்கான வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

வானலையில் ஒரு பெயர்
உரிமம் பெற்ற ஒவ்வொரு நிலையத்திற்கும் தனித்த அழைப்புக்குறி உண்டு. அதன் முன்னெழுத்துகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் நாடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. 'வி.யு.' எனத் தொடங்குவது இந்திய நிலையம். '4 எஸ்' எனத் தொடங்குவது இலங்கை நிலையம். தொடர்புகொண்ட நாள், நேரம், அதிர்வெண், தொடர்பு முறை, எதிர்நிலையத்தின் அழைப்புக்குறி, கேட்ட ஒலியின் தரம் ஆகியவற்றை வானொலியாளர் தம் பதிவேட்டில் குறித்துவைப்பார்.

பிழை நுழையும் வழி
மோர்ஸ் குறிமுறையில் 'எச்' என்பது நான்கு புள்ளிகள். 'எஸ்' என்பது மூன்று புள்ளிகள். இரைச்சலில் ஒரு புள்ளி மறைந்தால், பேசியவர் வேறொருவர் ஆகிவிடுவார். பேச்சில் 'பி', 'டி' ஆகிய எழுத்துகள் ஒன்றுபோல் ஒலிக்கும். ஆகவே, அவற்றைப் 'பிராவோ', 'டெல்டா' என்னும் சொற்களால் உணர்த்துவர்.

நேரமும் மயக்கம் தரும். பதிவேடுகளில் ஒருங்கிணைந்த உலக நேரமே எழுதப்படும். இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. சென்னையில் ஜனவரி 15 அதிகாலை 4 மணிக்குப் பேசியவர், ஜனவரி 14 இரவு 10.30 என்றே எழுதவேண்டும். இதை மறந்தால் நாளே மாறிவிடும்.

ஒப்புநோக்கல்
ஒருவரது பதிவு அவரது கூற்று மட்டுமே. மற்றவரது பதிவும் பொருந்தும்போதுதான் அது சான்றாகிறது. இதற்காக இருவரும் 'கியூ.எஸ்.எல்.' என்னும் உறுதிப்பாட்டு அட்டைகளை அஞ்சலில் பரிமாறிக்கொள்வர். 2003 முதல் அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் இணையவழிப் பதிவேட்டையும் நடத்துகிறது. இருவரும் தத்தம் பதிவுகளை மின்னொப்பமிட்டு அனுப்புவர். அழைப்புக்குறிகள், அலைப்பட்டை, தொடர்பு முறை ஆகியவை பொருந்தி, நேர வேறுபாடு 30 நிமிடங்களுக்குள் இருந்தால் தொடர்பு உறுதியாகும். ஒருவர் பதிவேட்டை மற்றவர் முழுமையாகப் பார்க்க இயலாது. எனவே, பார்த்தெழுதுவதற்கு அங்கு இடமில்லை.

கேட்டதை மட்டும் எழுதுதல்
100 நாடுகள் அல்லது தனிப்பகுதிகளுடன் தொடர்புகொண்டதை மெய்ப்பிப்போருக்கு அக்கழகம் விருது வழங்குகிறது. அந்தமான் அத்தகைய அரிய பகுதிகளுள் ஒன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேயரிலிருந்து உலக வானொலியாளர்களுடன் தொடர்புகொண்டிருந்தது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியதும், அக்குழு அந்த முயற்சியை நிறுத்திவிட்டுத் தீவுகளின் அவசரச் செய்திகளை அனுப்பும் பணியில் இறங்கியது.

அழைப்புக்குறியில் ஓரெழுத்துப் பிழைத்தால் ஒரு விருது கைநழுவும். பேரிடரில் ஒருவர் பெயர் பிழைத்தால் ஒரு குடும்பமே கலங்கும். ஐயமிருப்பின் மீண்டும் கேட்டறிவதும், கேளாததை ஊகித்து எழுதாமையும் வானொலியாளரின் அறமாகும்.